பாவமன்னிப்பும் உண்டென்று விசுவாசிக்கிறேன்

திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவக் கோயில்களில், அப்பமும் திராட்சரசமும் பகிரும் நற்கருணை ஆராதனை நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், பிரசங்கம் முடிந்து காணிக்கைப் பாட்டு பாடி முடிவதற்குள், பக்கவாசலை ஒட்டி உட்கார்ந்திருக்கும் சிலர் சத்தமில்லாமல் எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியேறிவிடுவார்கள். வேறு சிலர் எழுந்து போகமாட்டார்கள். தங்கள் வரிசை முழுவதும் பீடத்தை நோக்கி நகரும்போது, மற்றவர்கள் கடந்து செல்ல முழங்காலை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு அங்கேயே இருந்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்தபின் யாராவது கேட்டால், "இந்த மாசம் நான் எடுக்கல" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதற்குமேல் துருவிக் கேட்பது நாகரிகமல்ல என்பது எல்லாருக்கும் தெரியும்.

இவர்களில் அவசர வேலை உள்ளவர்களும், ஆராதனை நீள்வதைப் பொறுக்காதவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. கர்த்தருடைய பந்தியை மற்ற எல்லாரையும்விடப் பெரிதாக எண்ணுகிற காரணத்தாலேயே அதிலிருந்து விலகி நிற்கிறவர்களைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். உடன்பிறந்தவனோடு வரப்புத் தகராறு இருக்கும். விடமுடியாத குடி இருக்கும். அல்லது பல ஆண்டுகளுக்கு முன்பு நடந்து, இன்றுவரை ஒருவருக்கும் தெரியாத ஏதோ ஒன்று இருக்கும். என் பெரியம்மா ஒருவர் அப்படித்தான் வாழ்ந்தார். நெடுநாள் படுக்கையில் கிடந்த மாமியாரிடம், களைப்பிலும் எரிச்சலிலும் அவர் ஒருநாள் சொல்லக்கூடாத ஒரு சொல்லைச் சொல்லிவிட்டார். அந்த வாரமே மாமியார் இறந்துபோனார். அதன்பின் பெரியம்மா ஒரு ஞாயிறும் கோயிலுக்குத் தவறியதில்லை. ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம் முழுவதும் ஒருவேளை உபவாசம் இருப்பார். பாவ அறிக்கை சொல்லும்போது சேலைத் தலைப்பை இழுத்து முக்காடிட்டு, தூணோரத்தில் குனிந்த தலை நிமிராமல் இருப்பார். ஆனால் பீடத்தண்டை போகமாட்டார். ஏன் என்று நான் கேட்டபோது அவர் சொன்ன பதில் இது: "ஆண்டவரு மன்னிக்கிறவருதான், அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. என்னைய மன்னிச்சாராங்கிறதுதான் தெரியல."

ஞாயிறுதோறும் நாம் எழுந்து நின்று விசுவாசப்பிரமாணத்தைச் சொல்லும்போது, "பாவமன்னிப்பும், சரீரம் உயிர்த்தெழுதலும், நித்திய ஜீவனும் உண்டென்று விசுவாசிக்கிறேன்" என்று முடிக்கிறோம். பாவமன்னிப்பு என்ற ஒன்று உண்டு என்று நம்புவதற்குப் பெரிய பிரயாசம் வேண்டியதில்லை. தாவீதுக்கு அது கிடைத்தது, பேதுருவுக்குக் கிடைத்தது, சிலுவையில் தொங்கிய கள்ளனுக்குக் கிடைத்தது என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. அந்த வரிசையின் கடைசியில் தன் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொன்னால்தான் பலருக்குக் கை வருவதில்லை.

இந்தத் தயக்கம் நம் ஊருக்கோ நம் காலத்துக்கோ மட்டும் உரியதல்ல. பின்னாளில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 1505ஆம் ஆண்டு ஜூலையில், ஸ்டோட்டர்ன்ஹைம் என்ற சிற்றூருக்கு அருகே இடிமின்னலில் சிக்கி, உயிர் தப்பினால் துறவியாவேன் என்று பொருத்தனை பண்ணி, அதே மாதத்தில் எர்ஃபுர்ட் நகரத்து அகஸ்தீனிய மடத்தில் சேர்ந்தார். மடத்தில் அவர் பாவ அறிக்கை செய்யத் தொடங்கினால் மணிக்கணக்காகும். செய்து முடித்து எழுந்தபின், சொல்லாமல் விட்டுப்போன ஏதோ ஒன்று நினைவுக்கு வந்து மறுபடியும் ஓடுவார். அவர் போட்ட கணக்கு தர்க்கப்படி சரியானதே. மன்னிப்பு முழுமையாயிருக்க அறிக்கை முழுமையாயிருக்க வேண்டும். அறிக்கை முழுமையாயிருக்க நினைவு முழுமையாயிருக்க வேண்டும். மனிதனுடைய நினைவோ ஓட்டைப் பானை. போதாக்குறைக்கு, பாவத்துக்காகப் படும் மனஸ்தாபம் கடவுள்மேல் உள்ள அன்பினால் வந்ததா, நரக பயத்தினால் வந்ததா என்று தன்னைத்தானே தோண்டிப் பார்க்கவும் வேண்டியிருந்தது. அவருடைய துறவற சபையின் தலைவராயிருந்த ஸ்டௌப்பிட்ஸ், உன்னையே பார்த்துக்கொண்டிராமல் கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்று அவரைத் திருப்பிவிட்டது பலரும் அறிந்த செய்தி.

அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு செய்தி உண்டு. லூத்தர் இறந்த 1546ஆம் ஆண்டில், அவருடைய நெருங்கிய தோழர் மெலாங்க்தன் எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் அது வருகிறது. எர்ஃபுர்ட் மடத்தில் இருந்த முதியவர் ஒருவர், தம்மிடம் வந்து கலங்கிய அந்த இளந்துறவியை விசுவாசப்பிரமாணத்தின் அந்த ஒரே வரிக்குக் கொண்டுபோனாராம். பாவமன்னிப்பு பொதுவாக உண்டு என்றோ, தாவீதுக்கும் பேதுருவுக்கும் உண்டு என்றோ நம்பினால் போதாது, பிசாசுகளும் அதை நம்புகின்றன. எனக்கு மன்னிக்கப்படுகிறது என்று ஒவ்வொருவரும் நம்ப வேண்டும் என்பதே கடவுளின் கட்டளை என்று அவர் விளக்கியதாக மெலாங்க்தன் எழுதுகிறார். அந்த முதியவரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஐரோப்பாவையே இரண்டாகப் பிரித்த ஒரு சரித்திரத்துக்குப் பின்னால், பெயர் தெரியாத ஒரு கிழவர், சிறுபிள்ளைகள்கூட மனப்பாடமாகச் சொல்லும் ஒரு வாக்கியத்தை எடுத்து ஒருவனுக்கு ஆறுதல் சொன்ன சம்பவமும் இருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அவர் அதைக் கட்டளை என்று சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. நம்முடைய பக்தி மரபில், "நான் எம்மாத்திரம், எனக்கெல்லாம் மன்னிப்பா" என்று பின்வாங்குவது தாழ்மையாக மதிக்கப்படுகிறது. "எனக்கு மன்னிக்கப்பட்டுவிட்டது" என்று ஒருவன் சொன்னால் அது துணிச்சலாக, சில வேளைகளில் திமிராகவே தெரிகிறது. எர்ஃபுர்ட் முதியவரின் பார்வையில் இது தலைகீழ். மன்னிக்கிறேன் என்று கடவுள் சொல்லியிருக்கும்போது, என் காரியம் வேறு, என் பாவம் அந்த வாக்குக்குள் அடங்காது என்று சொல்வது, அவருடைய தீர்ப்புக்கு மேலே நம்முடைய தீர்ப்பை வைப்பதாகும். யோவானின் முதலாம் நிருபம், பாவங்களை அறிக்கையிட்டால் அவற்றை மன்னிக்க அவர் "உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்" என்கிறது. இரக்கமுள்ளவர் என்றுதான் அந்த இடத்தில் எதிர்பார்ப்போம். இரக்கத்துக்கு ஒருநாள் மனம் மாறக்கூடும் என்று பயப்படலாம்; கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவரைக் குறித்து அப்படிப் பயப்பட இடமில்லை.

பீடத்தண்டை போகாதவர்களைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் ஒரு வேதபகுதிதான்: கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபத்தின் 11ஆம் அதிகாரம். அபாத்திரமாய் அப்பத்தைப் புசித்துப் பாத்திரத்தில் பானம்பண்ணுகிறவன் கர்த்தருடைய சரீரத்தையும் இரத்தத்தையும் குறித்துக் குற்றமுள்ளவனாயிருப்பான் என்று பவுல் எழுதியதை, சிறுவயதில், நற்கருணை பெற ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பிலேயே கேட்டுப் பயந்தவர்கள் நாம். "தகுதியில்லாம எடுத்தா ஆக்கினை" என்று அந்த வகுப்பின் சாரம் மனதில் தங்கிவிட்டது. அந்த அதிகாரத்தின் மற்ற வசனங்கள் தங்கவில்லை. கொரிந்து சபையில் நடந்தது என்னவென்று பவுலே சொல்கிறார். கர்த்தருடைய பந்தி ஒரு முழுச்சாப்பாட்டோடு சேர்ந்து நடந்த காலம் அது. வசதியுள்ளவர்கள் முன்னதாக வந்து தங்கள் சாப்பாட்டைத் தாங்களே சாப்பிட்டு முடித்தார்கள்; இல்லாதவர்கள் வந்து சேர்ந்தபோது ஒன்றும் மிஞ்சவில்லை. "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்று அவர் கடிந்துகொள்வது இதைத்தான். அவர் சொல்லும் பரிகாரமும் அதற்கேற்ற மிகச் சாதாரணமான ஒன்று: போஜனம்பண்ணக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.

ஆகவே அங்கே கண்டிக்கப்படுவது மனம் நொந்து வருகிற பாவி அல்ல. பக்கத்தில் பட்டினியாக நிற்கிறவனைப் பார்க்காமல் விழுங்குகிற விசுவாசி. தன்னைத்தானே சோதித்தறியச் சொல்லும் அதே வசனம், சோதித்தறிந்தபின் விலகிப் போகும்படி சொல்லவில்லை. சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன் என்றே முடிகிறது. லூத்தர் 1529இல் கேள்வி பதிலாக எழுதிய போதனை நூலாகிய சிறிய ஞானோபதேசம், உபவாசமும் உடலை ஆயத்தப்படுத்துவதும் நல்ல வெளிப்பயிற்சிகள் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, உங்களுக்காகக் கொடுக்கப்பட்டது, சிந்தப்பட்டது என்ற வார்த்தைகளை நம்புகிறவனே உண்மையில் தகுதியுள்ளவன் என்கிறது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லூத்தரன் மிஷனெரி சீகன்பால்க் அந்த ஞானோபதேசத்தைத் தமிழில் தந்தார். அதாவது, இந்தப் போதனை தமிழ்ச் சீர்திருத்தச் சபை பிறந்த நாளிலிருந்தே நம் மொழியில் இருக்கிறது. பயம் மட்டும் எப்படியோ அதைத் தாண்டி வந்துவிட்டது.

திருநெல்வேலிக்காரர்களுக்கு இதை விளக்க எளிய வழி ஒன்று உண்டு. எங்கள் கிராமக் கோயில்களில் பண்டிகையன்று அசனம் நடக்கும். அவரவர் தங்களால் இயன்ற அரிசியோ பணமோ கொடுப்பார்கள். கோயில் வளாகத்தில் பெரிய பெரிய அண்டாக்களில் சோறும் கறியும் வேகும். இலை போட்டதும் ஊரே வரிசையாக உட்காரும். பரிமாறிக்கொண்டு வருகிறவர், உட்கார்ந்திருப்பவனிடம் நீ எத்தனை படி கொடுத்தாய் என்று கேட்பதில்லை. ஒன்றும் கொடுக்காதவனுக்கும் அதே வாளியிலிருந்து அதே சோறுதான் விழுகிறது. இலை முன்னால் உட்கார்ந்த பிறகு, நான் ஒன்றும் கொடுக்கவில்லையே என்று ஒருவன் எழுந்து போனால் அவனை யாரும் நேர்மையானவன் என்று மெச்சமாட்டார்கள். கையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பார்கள்.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். கொரிந்தியர் செய்த தவற்றைத் தமிழ்ச் சபைகள் நெடுங்காலம் செய்துகொண்டிருந்தன. தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்து, ஒரு சாரார் நற்கருணை வாங்கிய பின்பே மற்றவர்கள் வாங்கும் வழக்கம் இருந்தது. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல், இந்த வேற்றுமையைச் சபைக்குள் அடியோடு விட்டுவிட வேண்டும் என்று கடிதம் எழுதியபோது, அதை ஏற்காமல் சபையைவிட்டே போனவர்கள் ஏராளம். அபாத்திரமாய்ப் புசிப்பது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. தகுதியின் பேரில் யாருமே வராத ஒரு பந்தியில், பிறப்பின் பேரில் முன்வரிசை கேட்டவர்கள் கூசாமல் கையை நீட்டினார்கள். மாமியாரிடம் பேசிய ஒரு சொல்லுக்காக ஒரு பெண் ஆண்டுக்கணக்கில் கையை நீட்டாமல் இருந்தார். அந்த வேதபகுதியைக் கேட்டு நடுங்க வேண்டியவர்கள் நடுங்கவில்லை என்பதை எப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரமாகத்தான் வருகிறது.

நற்கருணை வாங்கப் போகுமுன் நாம் எல்லாரும் சேர்ந்து சொல்லும் ஒரு ஜெபம் உண்டு. எங்கள் சொந்த நீதியை நம்பி இந்தப் பந்திக்கு வரவில்லை, உம்முடைய மிகுந்த இரக்கங்களை நம்பியே வருகிறோம், மேசையின் கீழே விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் நாங்கள் பாத்திரரல்ல என்ற கருத்துள்ள ஜெபம் அது. தகுதி உண்டா என்ற கேள்விக்கு, இல்லை என்ற பதிலைச் சபை முழுவதும் ஒரே குரலில் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்து போகிறோம். இங்கிலாந்து சபை 1548இல் வெளியிட்ட நற்கருணை முறைமையில் இது முதலில் வந்தது. அதை ஆக்கியவர் கேன்டர்பரி பேராயர் தாமஸ் கிரான்மர். அவருடைய முடிவு தெரிந்தபின் இந்த ஜெபத்தை நான் முன்போலச் சொல்ல முடிந்ததில்லை. கத்தோலிக்கரான மேரி அரசியின் ஆட்சியில் சிறைப்பட்டு, மரண பயத்தில், தாம் பல ஆண்டுகளாகப் போதித்தவற்றை மறுதலித்து ஒன்றன்பின் ஒன்றாகப் பல பத்திரங்களில் கையெழுத்திட்டார் அவர். 1556 மார்ச் 21 அன்று, ஆக்ஸ்ஃபர்ட் நகரத்துக் கோயிலில் கூடியிருந்த கூட்டத்தின் முன்னால் அந்த மறுதலிப்புகளையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டார். எரிக்கப்பட்டபோது, கையெழுத்திட்ட வலது கையைத்தான் முதலில் நெருப்பில் நீட்டினார். எங்கள் சொந்த நீதியை நம்பவில்லை என்று தாம் எழுதிய வரி தமக்கே எவ்வளவு தேவைப்படும் என்பதை, அதை எழுதும் நாளில் அவர் அறிந்திருக்கமாட்டார்.

மறுதலிப்பு என்றவுடன் பேதுருவும், பேதுரு என்றவுடன் யூதாசும் நினைவுக்கு வருகிறார்கள். பேதுரு மனந்திரும்பினான், யூதாஸ் மனந்திரும்பவில்லை என்று ஓய்வுநாள் பள்ளியில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மத்தேயு 27ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசிக்கும்போது அது அவ்வளவு சுலபமாக இல்லை. இயேசுவுக்கு மரணத்தீர்ப்பு ஆனதைக் கண்டு யூதாஸ் மனஸ்தாபப்படுகிறான். வாங்கிய முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோகிறான். "குற்றமில்லாத இரத்தத்தை நான் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்" என்று வாய்திறந்து அறிக்கையிடுகிறான். சாக்குச் சொல்லவில்லை, பிறர்மேல் பழி போடவில்லை. துக்கம், அறிக்கை, திருப்பிச் செலுத்துதல் என்று ஒரு நல்ல மனந்திரும்புதலுக்கு நாம் எதிர்பார்க்கும் அத்தனையும் அவனிடம் இருந்தன. பேதுருவிடமோ, நமக்குத் தெரிந்தவரை, வெளியே போய் மனங்கசந்து அழுத கண்ணீர் மட்டுமே இருந்தது.

ஆனால் யூதாஸ் தன் அறிக்கையை யாரிடம் கொண்டுபோனான்? அவனை விலைக்கு வாங்கிய பிரதான ஆசாரியரிடமும் மூப்பரிடமும் கொண்டுபோனான். பாவிகளுக்காகப் பலி செலுத்துவதையே தொழிலாகக் கொண்டவர்கள், ஒருவன் வந்து பாவஞ்செய்தேன் என்று சொன்னபோது கொடுத்த பதில்: "எங்களுக்கென்ன, அது உன்பாடு." வேதாகமத்தில் எனக்கு மிகவும் பயங்கரமாகத் தோன்றும் வாக்கியம் இதுதான். நரகத்தைப் பற்றிய வசனங்களில்கூட இவ்வளவு குளிர் இல்லை. பாவத்தோடு ஒருவனைத் தனியே விட்டுவிடும் வாக்கியம் அது. அதைக் கேட்டபின் அவனால் வேறெங்கும் போக முடியவில்லை. அவன் தவறிய இடம் அவனுடைய துக்கத்தின் அளவில் இல்லை. கெத்செமனேயில் தன்னைச் "சிநேகிதனே" என்று அழைத்தவரிடம் அதைக் கொண்டுபோகாததில் இருக்கிறது.

பேதுருவின் காரியத்திலோ, அவன் தேடிப்போகுமுன் அவனைத் தேடி வார்த்தைகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவன் மறுதலிக்கு முன்பே, உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன் என்றும், நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து என்றும் இயேசு சொல்லிவிட்டார். விழுவான் என்பதும், எழுவான் என்பதும், எழுந்தபின் அவனுக்குள்ள வேலையும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டாயிற்று. கல்லறையில் தூதன் பெண்களிடம் சொல்லியனுப்பும் செய்தி, மாற்குவின்படி, "அவருடைய சீஷரிடத்திற்கும் பேதுருவினிடத்திற்கும்" போகிறது. சீஷர் என்றாலே பேதுருவும் அடக்கம்தானே? அன்று காலையில் அவனால் அப்படி எடுத்துக்கொண்டிருக்க முடியாது என்பது அனுப்பியவருக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு திபேரியா கடற்கரையில், கரிநெருப்பும் அதன்மேல் மீனும் அப்பமும் ஆயத்தமாயிருக்கின்றன. பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டு அவரை அறியேன் என்று சொன்னதும் ஒரு கரிநெருப்பண்டையில்தான்; இரண்டையும் குறித்துவைத்தவர் யோவான் ஒருவரே. ஏன் மறுதலித்தாய் என்று அங்கே ஒரு கேள்வியும் இல்லை. முதலில் சாப்பிடச் சொல்கிறார். சாப்பிட்டபின் என்னை நேசிக்கிறாயா என்று மூன்றுமுறை கேட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு வேலையைக் கொடுக்கிறார்.

மன்னிப்பை நம்பாவிட்டால் என்ன நஷ்டம், மனிதன் கொஞ்சம் கூடுதலாகப் பயந்து ஒழுங்காக இருப்பானே என்று சிலர் நினைக்கலாம். மத்தேயு 18இல் வரும் கடனாளியைப் பாருங்கள். அவன் ராஜாவுக்குப் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலிக்குச் சமம் என்பதால், மொத்தம் 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலும் 2 லட்சம் ஆண்டுகள் ஆகும். அவன் காலில் விழுந்து என்ன கேட்கிறான்? மன்னியும் என்று கேட்கவில்லை. "என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்கிறான். தவணை கேட்கிறான்! ராஜாவோ கேட்காததைக் கொடுத்து, கடனையே தள்ளிவிடுகிறார். வெளியே வந்தவன் நூறு வெள்ளிப்பணம், அதாவது ஒரு நூறு நாள் கூலி, தனக்குத் தரவேண்டிய உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். அவனை நன்றிகெட்டவன் என்று நாம் திட்டிவிட்டுப் போய்விடுகிறோம். எனக்கென்னவோ, கடன் தள்ளப்பட்டதையே அவன் நம்பவில்லை என்று தோன்றுகிறது. இன்னும் கட்டவேண்டியிருக்கிறது என்று நினைக்கிறவன்தான் வெளியே உள்ள பாக்கியை அத்தனை ஆவேசமாக வசூலிப்பான். சபைகளில் பிறர் குற்றத்தை மன்னிக்க முடியாமல் கடுகடுப்போடு இருக்கிற பக்திமான்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். தங்களுக்கு மன்னிப்பு கிடைத்ததா என்ற சந்தேகம் அவர்களில் பலருக்கு உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது.

கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாமா என்ற கேள்வியைப் பவுலே எழுப்பி, கூடாதே என்று பதிலும் சொல்லிவிட்டார். அதை இங்கே நீட்ட விரும்பவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. பிறனுடைய சொத்தை அபகரித்தவனும், மனைவியை அடிக்கிறவனும், ஆண்டவர் என்னை மன்னித்துவிட்டார் என்று சாட்சி சொல்லி, பாதிக்கப்பட்டவரின் வாயை அடைப்பதற்குக் கிருபையைப் பயன்படுத்துவதை நாம் பார்க்கிறோம். கடவுள் மன்னித்தார் என்பதால் மனிதனுக்குக் கொடுக்கவேண்டியது தள்ளுபடியாவதில்லை. சகேயு நாலத்தனையாகத் திருப்பிச் செலுத்துகிறேன் என்றான். அதே நேரத்தில், அவன் அதைச் சொன்ன பிறகுதான் இயேசு அவன் வீட்டுக்கு வர ஒப்புக்கொண்டார் என்றில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவன் இன்னும் காட்டத்தி மரத்தின்மேல் இருக்கும்போதே, இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்று சொல்லியாயிற்று. திருப்பிச் செலுத்தியது அழைப்புக்குக் கொடுத்த விலையாகாது. அழைப்பை நம்பியவனுடைய கை தானாகத் திறந்துகொண்டது.

இன்னொரு தடையை நம்முடைய எழுப்புதல் கூட்டங்கள் உண்டாக்கியிருக்கின்றன. அழுதால் மன்னிப்பு கிடைத்தது, உள்ளத்தில் ஒரு லேசான உணர்வு வந்தால் கிடைத்தது, வராவிட்டால் இன்னும் உபவாசித்து ஜெபிக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றிவிட்டது. சமாதான உணர்வு வந்தால் நல்லதுதான், அதற்காக ஸ்தோத்திரம் சொல்லலாம். ஆனால் இரத்த அழுத்தத்தாலும் தூக்கமின்மையாலும் மனச்சோர்வு என்ற நோயாலும் மாறக்கூடிய ஓர் உணர்வை மன்னிப்பின் அத்தாட்சிப் பத்திரமாக வைத்துக்கொண்டால், நோயாளிக்கு மன்னிப்பே இல்லை என்று ஆகிவிடும். யோவான் இதை முன்பே அறிந்தவர்போல எழுதுகிறார்: "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்." இருதயம் சமாதானமாகிவிடும் என்று அவர் வாக்களிக்கவில்லை. அது குற்றவாளி என்று தீர்த்துக்கொண்டே இருக்கலாம். மேல்முறையீட்டு மன்றம் வேறு இடத்தில் இருக்கிறது.

அந்த மன்றத்தின் தீர்ப்பு நம் காதில் விழவேண்டும். அதற்கு இன்னொருவருடைய வாய் வேண்டும். கத்தோலிக்கர்கள் ஒப்புரவு அருட்சாதனத்தில் குருவின் வாயிலிருந்து அதைக் கேட்கிறார்கள். சீர்திருத்தச் சபையாராகிய நாம், எங்களுக்கு அது தேவையில்லை, நேரடியாகக் கடவுளிடமே கேட்டுக்கொள்வோம் என்று பெருமையாகச் சொல்கிறோம். லூத்தர் அப்படிச் சொல்லவில்லை. பாவங்களை ஒன்றுவிடாமல் எண்ணிச் சொல்லும் கட்டாயத்தைத்தான் அவர் எதிர்த்தார். 1530இல் எழுதப்பட்ட ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, தனிப்பட்ட முறையில் பாவமன்னிப்பைக் கூறும் வழக்கம் சபைகளில் தொடரவேண்டும் என்றே சொல்கிறது. ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில், நற்கருணைக்கு முன்னறிவிப்பாக வாசிக்க வேண்டிய ஒரு புத்திமதி உண்டு: தன் மனச்சாட்சியைத் தானே அமர்த்த முடியாதவன் என்னிடமாவது, விவேகமுள்ள வேறொரு குருவிடமாவது வந்து, தன் துக்கத்தைத் திறந்துசொல்லி, கடவுளுடைய வார்த்தையின் ஊழியத்தினால் பாவமன்னிப்பின் நன்மையைப் பெற்றுக்கொள்ளட்டும் என்பது அதன் சாரம். எங்கள் கோயிலில் அது வாசிக்கப்பட்டு நான் கேட்டதில்லை.

வாசிக்கப்பட்டாலும் யார் போவார்கள் என்று கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. சபை நிர்வாகத்துக்கான சேகரத் தேர்தலில் இரண்டு அணியாக நிற்கும் ஊரில், ஐயர் என்று நாங்கள் அழைக்கும் சபைக்குருவும் ஏதோ ஓர் அணிக்கு வேண்டியவர் என்று பெயரெடுத்திருப்பார்; காலையில் அவரிடம் சொன்னது சாயங்காலம் தெருக்குழாயடியில் பேசப்படும் என்ற பயம் வீண்பயமும் அல்ல. அதனால்தான் தெரியாத ஊரின் பிரசங்கியாரிடம், ஆயிரம்பேர் கூடிய மைதானத்தில், தலையில் கைவைத்து ஜெபிக்கச் சொல்லி நம் ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடுங்கள் என்று யாக்கோபு எழுதியது குருமாருக்கு மட்டும் சொன்னதல்ல என்பதால், வாய் காக்கத் தெரிந்த ஒரு மூத்த சகோதரியோ, ஓய்வுபெற்ற ஒரு உபதேசியாரோ போதும். நற்கருணைக்கு முந்தின நாள் சனிக்கிழமை மாலை பல ஊர்களில் ஆயத்த ஆராதனை இன்னும் நடக்கிறது. அது முடிந்தபின், விளக்குகளை அணைத்துக் கதவைப் பூட்டுவதற்கு முன்னால், அப்படிப்பட்ட ஒருவர் அரைமணி நேரம் கோயிலில் உட்கார்ந்திருந்து, வருகிறவர் சொல்வதைக் கேட்டுவிட்டு, "இயேசு கிறிஸ்துவினிமித்தம் உங்கள் பாவம் உங்களுக்கு மன்னிக்கப்பட்டது" என்று பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். சபைச் சங்கத்தில் தீர்மானம் போட்டுச் செய்யவேண்டிய காரியம்கூட அல்ல இது.